ரிமோட்டை விடாத கை

விளாங்குடியில் எங்கள் பெரியப்பா டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் பார்த்தால் உடம்பு விறைத்து, ரிமோட் அவர் கைக்குள் இறுகிக் கிடந்தது. அவர் மகன் அதைப் பிடித்து இழுத்தான்.

"விரல ஒடிச்சிறாதடா" என்று பெரியம்மா அழுதாள்.

அப்போதுதான் உடம்பை வைக்கிற ஐஸ் பெட்டியோடு பெட்டிக்காரர் வந்தார். குட்டையான ஆள், கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல இஸ்திரி கலையாத ரோஸ் சட்டை. செத்தவரைக்கூட உத்தரவு கேட்காமல் தொடமாட்டார்.

"பெரியவரே, கொஞ்சம் கையக் குடுங்க."

"செத்த மனுசனுக்கு இம்புட்டுப் பலம் எங்கருந்துண்ணே?" என்று கேட்டேன்.

"பலம் இல்லாததாலதான் தம்பி விடமாட்டேங்குறாரு. தசைக்குப் பிடிக்கிறதுக்கு மட்டுமில்ல, பிடிச்சத விடுறதுக்கும் சத்து வேணும். மூச்சு நின்னா அந்தச் சத்தும் தீந்துபோகும்."

மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை நிதானமாக நீவிக்கொண்டே இருந்தார். ஒரு விரலும் ஒடியாமல் ரிமோட் கழன்று வந்தது.

"மேட்ச் என்னாச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"தோத்துட்டானுகண்ணே."

பெரியப்பாவின் காதருகே குனிந்தார். "பெரியவரே, நம்மாளுகதான் ஜெயிச்சாங்க. நிம்மதியாப் போங்க."

செத்தவரிடம் போய் எதற்கு அப்படியொரு பொய் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஸ்கோர் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது அங்கே நின்றிருந்தோம். ஒருவரும் திருத்தவில்லை.