இளநீர்க்கடைப் பெற்றோர்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இளநீர் விற்கும் சகாதேவன் அண்ணனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரை டிவியில் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் திறந்தால் டிவியில் வருவார். பரீட்சை முடிவு வந்தால் வருவார். வெயிலுக்காக லீவை நீட்டலாமா என்று பேச்சு கிளம்பினால் கட்டாயம் வருவார். முகத்துக்குக் கீழே நீலப் பட்டையில் எழுத்து நிற்கும்: சகாதேவன், பெற்றோர், திருவண்ணாமலை.

அவருக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் மனு. எனக்கு இனியா என்று ஒரு பெண் இருக்கிறாள். எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆக, அசல் பெற்றோர் நான். கேமராக்காரர்களின் வண்டி என் கடை வாசலில்தான் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் என் ஜெராக்ஸ் மிஷினைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போவார்கள். எனக்கு எரியுமா எரியாதா?

என்னையும் ஒரு தடவை கேட்டார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். சரவணகுமார் என்று ஒரு ரிப்போர்ட்டர் தம்பி. ஒரு செய்தி சேனலுக்கு மாவட்டம் முழுக்க அவன் ஒருவன்தான். மைக்கை நீட்டி, வெயிலுக்கு லீவு நீட்டலாமா என்றான்.

"வெயில் ஜாஸ்திதான் தம்பி. ஆனா வீட்ல வெச்சிக்கினா மட்டும் நிழல்லயா இருக்குதுங்க? தெருவுலதான் சுத்துதுங்க. ஸ்கூல்ல ஃபேன் ஓடுது, சோறு போடறாங்க. அதனால காலைல மட்டும் வெச்சா…"

"மேடம், வேணுமா வேணாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும் இல்ல தம்பி, நான் இன்னா சொல்றன்னா…"

அவன் மைக்கை இறக்கிவிட்டான். பக்கத்தில் இளநீர் சீவிக்கொண்டிருந்த சகாதேவன் அண்ணன் அரிவாளைக் கீழே வைத்து, கையைத் துண்டில் துடைத்து, "புள்ளைங்க வாடிப் போவுது சார்! கண்டிப்பா லீவு வேணும்!" என்றார். மூச்சு வாங்காமல், முகத்தில் வெயில் விழுகிற மாதிரி திரும்பி நின்று, கண் லேசாகக் கலங்க. முடிந்தது வேலை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே பிள்ளையில்லாத வாய் பிழைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து எல்லாச் சேனலுக்கும் அவர்தான் பெற்றோர். காலையில் ஒரு சேனலில் லீவு வேண்டும் என்பார். மதியம் இன்னொன்றில், லீவு விட்டால் படிப்பு கெட்டுவிடும் என்பார். ஒரு வாரம் அவர் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. மறுவாரம் அதே மகளை எல்கேஜி சேர்க்க அப்ளிகேஷனுக்கு அலைவார். பேங்க் ஆட்கள் இளநீர் குடிக்க வந்தால், "இன்னாண்ணா, பொண்ணு இன்னிக்கி எத்தனாவது?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏதாவது ஒரு வகுப்பைச் சொல்வார்.

அவர் மனைவி சரோஜா அண்ணி ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் அறை பெருக்குகிறார். அவர் மட்டும் கேலி செய்வதில்லை. டிவியில் வந்த ஒவ்வொன்றையும் போனில் சேர்த்து வைத்திருக்கிறார். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, உங்கள் மகளுக்கு என்ன வயது என்று கேட்டாளாம். அண்ணி யோசிக்காமல் "டென்" என்று சொல்லிவிட்டார். என்னிடம் இதைச் சொல்லும்போது, "வாயில வந்துடிச்சி எழிலு" என்று வெட்கப்பட்டார்.

வினை எங்கள் ஊரிலேயே வந்தது. அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். சகாதேவன் அண்ணனுக்கும் அதே ஊர்தான். பெயரைச் சொல்லமாட்டேன், டிவியில் போட்டுக் கெடுத்தது போதும். பள்ளியில் இரண்டு ஆசிரியைகள், ஒரு புங்கமரம், சின்னக் கூட்டமாகப் பிள்ளைகள். இன்னும் கொஞ்சம் கம்மியானால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. பக்கத்து ஊருக்குப் போகக் கிரிவலப் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். பௌர்ணமியன்று அந்தக் கூட்டத்தில் பெரியவர்களே இந்தப் பக்கம் நுழைந்து வேறெங்கோ வெளியே வருவோம். என் இனியா எப்படிப் போவாள்?

"மூடப்படுகிறதா அரசுப் பள்ளி?" என்று செய்தி வந்தது. கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் சேனலுக்குப் பொறுப்பு முடிந்தது, அதற்குப் பிறகு தூக்கம் கெடுவது நமக்குத்தான். படத்தில் எங்கள் பள்ளிக் கேட் பூட்டியிருந்தது, முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது, பின்னால் சோகமாக வயலின். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்தால் பூட்டியிருக்காமல் என்ன செய்யும்? வயலின் முடிந்ததும் சகாதேவன் அண்ணன் வந்தார்.

"டாய்லெட் இல்ல, டீச்சருங்க ஒழுங்கா வர்றதில்ல. எம்பொண்ண எப்டி சார் அங்க அனுப்புறது?"

எந்தப் பள்ளி என்று சரவணகுமார் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பொதுவாக அரசுப் பள்ளியைப் பற்றி இரண்டு வார்த்தை என்றிருக்கிறான். இவரும் வழக்கமாக எடுத்துவிடுவதை எடுத்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும். இது ஊரையும் சேர்த்துக் கெடுத்தது.

மறுநாளே ஊருக்குள் ஒரு தனியார் பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்தது. டி.சி. கேட்டுச் சில வீடுகள் கிளம்பின. அதில் ஒன்று கவியா வீடு. கவியாவின் மகள் அபிநயாதான் என் இனியாவுக்கு உயிர். நான் ஓடினேன்.

"ஏன்டி கவியா, உனக்கே தெரியாதா? அந்தாளுக்குப் பொண்ணே கிடையாதுடி!"

"அது தெரியும்க்கா. ஆனா டாய்லெட் இல்லன்னு டிவில சொன்னாங்களே?"

"உம்பொண்ணு தினம் போற டாய்லெட்டுடி அது!"

"அதுவும் சரிதான்க்கா," என்றாள் கவியா. "இருந்தாலும், ஒண்ணும் இல்லாமயா டிவில போடுவாங்க?"

நேராகக் கடைக்குப் போய் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். இளநீர் குடிக்க வந்தவர்கள் குடிக்காமலே போனார்கள். அவர் காயும் கையுமாக அப்படியே நின்றார். "நம்ம ஸ்கூலுக்குன்னு தெரியாதும்மா. சத்தியமா தெரியாது," என்றார்.

"வேற ஊரு ஸ்கூலுன்னா பரவால்லயா?"

கையோடு அவரைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஹெச்.எம். மணிமொழி டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ டாய்லெட் சாவியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். "போய் பாத்துட்டு வாங்க." அண்ணன் உள்ளே போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது, திரும்பவும் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"நீங்களே டிவில சொல்லக் கூடாதா டீச்சர்?" என்றார்.

"நான் பேட்டி குடுக்கணும்னா மேல இருந்து பர்மிஷன் வரணுங்க. அது வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். எங்களுக்கும் சேர்த்து நீங்கதான் இத்தினி நாளா பேசினு இருக்கீங்க."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அண்ணனுக்கு அது நன்றாகவே குத்தியது.

சரவணகுமாருக்கு அண்ணன் போன் போட்டார். மறுப்புச் சொல்ல வேண்டும் என்றார். "மறுப்பெல்லாம் ஓடாதுண்ணா. சண்டைன்னா சொல்லுங்க, லைவே போட்டுடலாம்," என்றான் அவன். சரி, சண்டையே போடு என்றார் அண்ணன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனால் கையில் சிக்கியது வால் மட்டும்தானே.

பள்ளிக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரமாக இரண்டு வரிசை நாற்காலி போட்டார்கள், எதிரும் புதிருமாக. ஒரு வரிசை அரசுப் பள்ளி வேண்டும் என்பவர்களுக்கு, இன்னொன்று வேண்டாம் என்பவர்களுக்கு. எனக்கு நடுவில் ஒரு நாற்காலி போடு என்றேன். பள்ளி வேண்டும், அதோடு இன்னொரு டீச்சரும் வேண்டும், மழைக்கு முன் கூரையையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நிறைய இருந்தது. "நடுவுல சேர் கிடையாது மேடம், ஃபிரேம்ல வராது," என்றான் சரவணகுமார்.

சரோஜா அண்ணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து நின்று காதில் சொன்னார்:

"அத்தனையும் சொல்லிடப் போறாராம். எனக்கு ஒண்ணும் இல்ல எழிலு. பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்பி வெக்கிறோம்னு நெனச்சிக்கிறேன்."

அதுவரை அண்ணன் மேல் எனக்கிருந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

லைவ் தொடங்கியது. சென்னையில் உட்கார்ந்திருந்த தொகுப்பாளர், மகளை அரசுப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த தந்தை சகாதேவன் நம்முடன் இருக்கிறார் என்றார். அண்ணன் எழுந்தார். வழக்கமாக ஒரே மூச்சில் பேசுகிறவர், அன்றைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"எனக்குப் பொண்ணு இல்ல சார். பையனும் இல்ல. எங்களுக்குப் பொறக்கல. நான் இளநீ விக்கிறவன். கேட்டாங்க, சொன்னேன். கீழ பெற்றோர்னு போட்டாங்க, அது எனக்குப் புடிச்சிருந்தது. இந்த ஸ்கூல்ல டாய்லெட் இருக்குது, நான் போய் பாத்தேன், தண்ணி வருது. டீச்சருங்க தினம் வராங்க. நான் சொன்னது பொய்யி சார்."

"தொடர்பில் சிறிய தடங்கல்," என்றார் தொகுப்பாளர். விளம்பரம் வந்துவிட்டது. இத்தனை நாள் பொய் சொன்னபோது ஒரு தடங்கலும் வந்ததில்லை.

சாயங்காலம் வேறொரு சேனலில் "யார் இந்தப் போலி பெற்றோர்? பின்னணி என்ன?" என்று நான்கு பேர் கட்டம் கட்டி உட்கார்ந்து கத்தினார்கள். அவரை இயக்குவது யார், ஆதாயம் யாருக்கு என்று ஒரே அலசல். நான் பார்த்தவரை அவர் பின்னணியில் ஒரு குலை இளநீரும் சரோஜா அண்ணியும்தான். பள்ளியின் பேச்சை அந்த நால்வரில் ஒருவரும் எடுக்கவில்லை.

ஆனால் லைவ் முடிந்ததும் நடந்ததை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. ஊரே கேட்டுக்கு வெளியே நின்றது. மணிமொழி டீச்சர் உள்ளேயிருந்து வந்தார், வாயைத் திறக்கவில்லை, கேட்டைத் திறந்தார். பேசக் கூடாது என்றுதான் விதி. கேட்டைத் திறக்கக் கூடாது என்று இல்லையே. முதலில் ஒருவர் போனார், அப்புறம் இருவர், அப்புறம் தீபத்துக்குக் கூட்டம் நிற்கிற மாதிரி வரிசை கட்டிவிட்டார்கள், எல்லாம் டாய்லெட் பார்க்க. பிள்ளைகள் தினமும் போகிற இடத்தைத் தாய் தகப்பன்மார் எட்டி எட்டிப் பார்த்து, "இருக்குதே!" என்றார்கள். கவியா குழாயைத் திறந்து கையை நனைத்தே பார்த்தாள். மறுநாள் அபிநயா பழையபடி இனியா பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் திரும்பவில்லை; ஒரு வீட்டுப் பிள்ளை வேனிலேயே போகிறது. ஆனால் பள்ளி இருக்கிறது.

அண்ணன் சில நாள் கடை போடவில்லை. அப்புறம் வந்தார். பேங்க் ஆட்கள் இப்போது மகளைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காததுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஜூன். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் இனியாவுக்குப் புதுப் பை வாங்கிக்கொண்டு கடைக்கு வந்திருந்தேன். அவள் இளநீர் குடிக்க, பையை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் சரவணகுமார் மைக்கோடு அவர் முன்னால் வந்து நின்று, வெயிலுக்கு லீவு நீட்டலாமா என்றான். அண்ணன் என்னைக் காட்டினார்.

"அவங்கதான் பெற்றோர். அவங்களக் கேளு. கொஞ்சம் நீளமா பேசுவாங்க, பொறுத்துக்கோ."

விடுவேனா? வெயில், ஃபேன், சத்துணவு, கூரை, இன்னொரு டீச்சர், கிரிவலப் பாதை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவனும் பாவம், கடைசி வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் வந்தது. "வெயில் ஜாஸ்திதான் தம்பி, ஆனா" என்றேன். அதோடு வெட்டிவிட்டு வானிலைக்குப் போய்விட்டார்கள். நீலப் பட்டையில் எழிலரசி, பெற்றோர் என்றிருந்தது. இத்தனைக்கும் ஆசைப்பட்ட எழுத்துதான், பார்த்தபோது ஒன்றும் பெரிதாக இல்லை. ரிமோட்டை எறியலாம் என்று எடுத்தேன். அப்போது சரோஜா அண்ணி போன்.

"எழிலு, போன்ல புடிச்சி வெச்சிட்டேன்டி. பாத்தியா? உம் பின்னாடி இவரு நிக்கிறாரு, கையில இனியா பை. இவரு பேரு ஒண்ணும் போடல."

"கவனிக்கலையே அண்ணி."

"போடலன்னா இன்னா? பையத் தொங்க விடல பாரு. ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சினு நிக்கிறாரு."