மாட்டிக்கொள்ளாத என் பணம்

கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறிய இரும்பு உருக்கு ஆலையில் சம்பளக் கணக்கு பார்த்தேன். தொழிலாளர்கள் எல்லோரையும் ஒரு தனியார் வங்கியில் கணக்குத் தொடங்கவைத்தவன் நான்தான். ஆலைக்கு எதிரே மெஸ் நடத்திய கஸ்தூரி அக்காவும் என் பேச்சை நம்பித் தன் சேமிப்பை அங்கே போட்டார்.

ஒருநாள் அந்த வங்கியில் வேலை பார்த்த நண்பன், "உன் பணத்த எடுத்துடு. யார்கிட்டயும் சொல்லாத" என்றான். எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் யாரும் பணம் எடுக்க முடியாதபடி வங்கியை முடக்கிவிட்டார்கள். ஆலையின் கணக்கும் அங்கேதான். சம்பளம் நின்றது, உலை அணைந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள்.

வங்கி முடங்கிய மறுநாள் காலை, தலையைக் குனிந்தபடி மெஸ்ஸைத் தாண்டினேன். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தார். சட்டையைப் பிடித்து உலுக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"உன் துட்டும் மாட்டிக்கினுச்சா தம்பி? நீ இன்னா பண்ணுவ, பாவம். வா, மொதல்ல நாஷ்டா துன்னு."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாக்கா" என்றுதான் வந்தது.

இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். சாப்பிட ஆளில்லாமல் அடுத்த மாதமே மெஸ்ஸை மூடிவிட்டு, எங்கேயோ போய்விட்டார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால், நான் எப்போதோ மறந்திருப்பேன்.