பாம்பின் மேல் விழுந்த கண்

எங்கள் வீட்டுக்குப் பாம்பு வந்தபோது எனக்குப் பத்து வயது. ஜெர்மனியின் ஹம் நகரில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அண்ணாவோடு வேலை பழகிய பையன் ஒருவன் வீடு மாறும்போது, கண்ணாடிப் பெட்டி, விளக்கு சகிதம் அதை அண்ணாவின் தலையில் கட்டிவிட்டான். விஷமில்லாத செம்மஞ்சள் குட்டி. ஒளிந்துகொள்ள ஒரு தேங்காய்ச் சிரட்டை, தின்ன உறைந்த எலிக்குஞ்சுகள். எங்கள் வீட்டில் மீன்குழம்பு முதல் துருவிய தேங்காய் வரை எல்லாமே பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளில்தான் உறையும். ஆகையால் அம்மா ஒரு பெட்டியில் மட்டும் கொட்டை எழுத்தில் ‘எலி’ என்று எழுதி ஒட்டினார்.

ஆனால் பாம்பு சாப்பிடவில்லை. அண்ணா எலிக்குஞ்சை இளஞ்சூட்டு நீரில் போட்டு எடுத்து, குறட்டால் பிடித்து உள்ளே வைப்பார். மறுநாளும் அது வைத்தபடியே கிடக்கும். இரண்டு வாரம் கழிந்ததும் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“மாசம் முடியிறதுக்குள்ளை அது சாப்பிடாட்டி, விலங்குக் காப்பகத்திலை குடுத்திடு. என்ரை வீட்டிலை ஒரு சீவன் பட்டினி கிடந்து சாகக் கூடாது.”

எனக்கு உலகமே இருண்டுபோயிற்று. என் வகுப்பில் நாய், பூனை, முயல் எல்லாம் வளர்த்தார்கள். பாம்பு என்னிடம் மட்டும்தான் இருந்தது. யாரோ வேண்டுமென்றே அதைக் கெடுக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். தமிழ்ப் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் துப்பறியும் வேலை தொடங்கியது. பாம்பிருந்த அறைக்குள் யார் போனார்கள், எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதினேன். மேல்மாடி மாமி வந்து “என்ன வடிவான பாம்பு!” என்று சொல்லிவிட்டுப் போனது பதிவாயிற்று. நான் காவல் காத்ததும் பதிவாயிற்று. ‘2.10 சிரட்டையைத் தூக்கிப் பார்த்தேன், இருக்கிறது. 2.20 தூக்கிப் பார்த்தேன், இருக்கிறது. 2.30 தூக்கிப் பார்த்தேன், என்னைப் பார்த்தது.’

புது இடம், தொடாமல் விடு என்று அண்ணா சொல்லித்தான் இருந்தார். நான் பாம்பை எங்கே தொட்டேன்? சிரட்டையைத்தான் தொட்டேன்.

சந்தேகம் கடைசியில் அம்மாமேல் வந்து நின்றது. அவர் அதைப் பாம்பு என்று சொல்லவே மாட்டார். “அவர் சாப்பிட்டவரோ?” என்று வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்பார். அவ்வளவு பயம். பயப்படுகிறவர்தானே ஒன்றைத் தொலைக்க நினைப்பார்? ‘அம்மாவில் சந்தேகம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். பள்ளியால் வந்து பார்த்தால், ஒருநாளும் அறைக்குள் காலே வைக்காத அம்மா, கண்ணாடிப் பெட்டிக்குமேல் மூடிய கையைச் சுற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். கையில் உப்பும் செத்தல் மிளகாயும்.

“அதைக் கொல்லப் பாக்கிறியள் என்ன?” என்று கத்தினேன்.

“கண்ணூறு கழிக்கிறன், பிள்ளை. சாப்பிடுற ஆளின்ரை வாயைப் பாத்துக்கொண்டிருந்தால் ஆருக்குத்தான் இறங்கும்?”

குசினிக்குப் போய் மிளகாயைச் சட்டியில் போட்டார். புகை எழுந்ததும் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி கட்டடமே அதிரக் கூவியது. மாமி மேலிருந்து ஓடி வந்தார். அம்மா தும்மலுக்கு நடுவே ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியை நாலு பக்கமும் மூடினார். மூன்று நாளைக்கு ஒருவரும் விலக்கிப் பார்க்கக் கூடாது என்றார். அப்பாவும் அதை ஆமோதித்ததால் எனக்கு வேறு வழியில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் அண்ணா சேலைக்குள் கையை விட்டு எலியை வைத்தார். மறுநாள் எலி இல்லை. அம்மாதான் எடுத்து எறிந்திருப்பார் என்று குப்பை வாளியைக் கிளறினேன். அண்ணா சிரட்டையைத் தூக்கிக் காட்டினார். பாம்பின் நடுவயிறு புடைத்திருந்தது. அழுதுவிட்டேன்.

“ஆரின்ரை கண் அம்மா?” என்று கேட்டேன்.

“விடு பிள்ளை. ஊர்க்கண்.”

எனக்குப் புரிந்துவிட்டது. மேல்மாடி மாமிதான். பாவம் அந்த மனுசி, படியில் கண்டால் அன்போடு சிரிப்பார். நான் பல வருடம் முறைத்துக்கொண்டே போனேன்.

போன மாதம் நிலவறையில் அந்தக் கொப்பி அகப்பட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா என் தமிழ்ப் பாடத்தைப் பார்த்துச் சிவப்புப் பேனையால் சரி அடையாளம் போடுவார். பாடங்கள் முடிந்த இடத்துக்குப் பிறகும் பக்கங்களைப் புரட்டினேன். ‘தூக்கிப் பார்த்தேன்’ என்ற ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு சிவப்புச் சரி. ‘அம்மாவில் சந்தேகம்’ என்பதற்கு நேரேயும் ஒன்று போட்டிருந்தார்.