ஆடு கடிக்காத செடி

களக்காட்டுப் பக்கம் நித்தியகல்யாணி பயிரிட்டு, இலையை உலர்த்தி மூட்டையாக விற்றுக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் என் இரண்டு வயது மகளுக்குக் கண்ணில் புற்றுநோய் வந்தது.

"நரம்புல ஏத்துற இந்த மருந்தே நித்தியகல்யாணியில இருந்து எடுக்கிறதுதான்" என்றார் டாக்டர்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ஊசி போட்ட நாளெல்லாம் பிள்ளை துவண்டு கிடந்தாள். நம் தோட்டத்திலேயே கிடக்கிற மருந்துக்கு ஊசி எதற்கு?

ஒருநாள் காலையில் பச்சிலையை அரைத்து, சாற்றில் தேன் கலந்து, டம்ளரை அவள் உதட்டருகே கொண்டுபோனேன். இலை மூட்டை எடுக்க வந்த வியாபாரி பாய் எட்டி என் கையைப் பிடித்தார்.

"என்னவே குடுக்கீரு?"

சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"உம்ம தோட்டத்துக்கு வேலி உண்டாவே?"

"இல்ல பாய். ஆடுதான் இதைக் கடிக்காதுல்லா."

சொல்லும்போதே உறைத்தது, ஆடுகூடத் தொடாத விஷம் அது. டம்ளரைத் தரையில் கவிழ்த்தேன். மகள் தேனுக்காக அழுதாள்.

ஒரு கண் போனாலும், ஆஸ்பத்திரியில் அளந்து ஏற்றிய மருந்தில் அவள் பிழைத்தாள். இப்போதும் அவள் டம்ளரை வாயில் வைத்தால், அதைத் தட்டிவிட என் கை எழுந்துவிடுகிறது.