மெடல் வீட்டு ஜீவராணி

கஹவத்தை கடைவீதியில "மெடல் வீடு"ன்னா பஸ்காரனுக்கும் தெரியும். பாட்டனார் இராமசாமி தேயிலைக் கொழுந்துச் சாக்குக்கு நம்பர் தகடு அடிச்சு ஆரம்பிச்ச பட்டறை. அப்பா காலத்துல கோயிலுக்கு வேல் போட்ட காசு, பள்ளிக்கூடத்துக்குப் பதக்கம்னு பெருகிச்சு. இப்ப அச்சு வெட்டுறது மகள் ஜீவராணி, பிரஸ்ஸை இழுக்கிறது தம்பி யோகராஜ்.

ஜீவராணி கையச் சும்மா சொல்லக்கூடாது. அச்சுல எழுத்தை இடம் வலம் மாத்தி வெட்டணும், அப்பத்தான் பித்தளையில நேரா விழும். சிங்களம், இங்கிலிஷ் ரெண்டும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. தமிழ்லதான் யாரும் பதக்கம் கேட்டு வரல. நம்ம சனம் தானா வாசிக்கிற மாதிரி ஒண்ணு அடிச்சிரணும்னு அவளுக்குத் தீராத ஆசை.

இந்த வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஸாஹிரா டீச்சர் போன் பண்ணி, "விளையாட்டுப் போட்டிக்குத் தமிழ்லயே போடுங்க"ன்னாங்க. அவ்வளவுதான், தலைகால் புரியல இவளுக்கு. எழுத்து சரியா திரும்பியிருக்கான்னு மூணு தரம் கண்ணாடியில பார்த்து வெட்டினா.

போட்டிக்கு முதல் நாள் காலையில டீச்சர் வந்து ஒண்ணை எடுத்துப் பார்த்தாங்க.

"இதென்ன ஜீவராணி, 'மொதலாம் எடம்'?"

"சரியாத்தானே இருக்கு டீச்சர்?"

"வாயால அப்படித்தான் சொல்லுவோம். எழுதுறது முதலாம் இடம்."

ஜீவராணிக்கு மானமே போச்சு.

"நானும் வாசிச்சேனே, பெழை ஒண்ணும் தெரியலயே!"ன்னான் யோகராஜ்.

"நீ வேற, வாய மூடுடா!"

"நேரமில்ல, பழைய இங்கிலிஷ் அச்சுலயே அடிச்சுத் தாங்க"ன்னாங்க டீச்சர்.

"ஐயோ, அது மட்டும் வேணாங்க! தாள்ல எழுதிக் குடுங்க, அஞ்சு மணிக்கு வாங்க."

எழுத்துத் துண்டு தனி அச்சுங்கிறதால, அதை மட்டும் புதுசா வெட்டினாப் போதும்னு தப்பிச்சா. பச்சத்தண்ணி குடிக்காம வெட்டினா, தம்பி அடிச்சான். டீச்சர் அஞ்சு மணிக்கு வந்து எழுத்தெழுத்தா பார்த்துட்டு, "இப்ப சரி"ன்னு எடுத்துட்டுப் போனாங்க.

மறுநாள் ஜீவராணியும் மைதானத்துக்குப் போனா. நூறு மீட்டர்ல ஜெயிச்சது ரப்பர் மரத்துல பால் வெட்டுற விஜயகலா மகள் டிலானி. போன வருஷம் மூத்தவன் வாங்கின இங்கிலிஷ் பதக்கத்துல என்ன போட்டிருக்குன்னு ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சவ இந்த விஜயகலா. இப்ப யாரையும் கேக்கல. மகள்கிட்ட இருந்து பதக்கத்தை வாங்கி, விரல் வச்சு எழுத்துக்கூட்டி, மைதானமே திரும்பிப் பாக்கக் கத்தினா:

"மொதலாம் எடம்!"

ஜீவராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. ஓடிப்போய் அவ கையப் பிடிச்சுக்கிட்டா. "ஆமாங்க அக்கா, அதேதாங்க!"