பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது யார்?

நளீர் எடுக்காத கலியாணம் கல்முனைக்குடியில் கலியாணமே இல்லை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் நளீர்தான். பிரதான வீதியில் புடவைக் கடையொன்றின் மாடியில் அவருடைய வீடியோ ஸ்டூடியோ இருந்தது. ட்ரோன் வந்து, யூடியூப் வந்து, மாப்பிள்ளைமாரே தங்களைத் தாங்களே படமெடுக்கத் தொடங்கிய பிறகும் மனுஷன் தொழிலை விடவில்லை. "இப்ப அழுங்க ராத்தா, கமெரா ஓடுது" என்று அவர் சொன்னால் அழாத உம்மா இந்தக் கரையில் இல்லை. ஒருமுறை பக்கத்து வீட்டு ஆடும் சேர்ந்து அழுததாகக் கேள்வி.

அவரோடு ஒரேயொரு தொல்லை. படமாக்கவேண்டிய புத்தகங்கள் என்று ஒரு வரிசை வைத்திருந்தார். முதலாவது 'வளவுக்காரி'. இரண்டாவதும் அதுதான். மூன்றாவது இடத்தை, வேறு நல்ல புத்தகம் ஏதும் வந்தால் பார்க்கலாம் என்று காலியாக விட்டிருந்தார். அந்தக் கதையை அவர் சொல்லத் தொடங்கினால் பஸ் நிலையத்து ஓட்டோக்கள் ஆளேற்றாமலே புறப்பட்டுவிடும். ஒரு கலியாணத்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறுபேராய்க் குந்தியிருந்து கதையை ஆரம்பித்தவர், முடிக்கும்போது தனியாய் இருந்தார். சஹனில் எலும்பு மட்டும் இருந்தது.

புத்தகத்தை எழுதியவர் அஸ்பியா டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். இந்தக் கரையில் கலியாணமானால் பெண் எங்கும் போவதில்லை. வாப்பா அவளுக்கென்று எழுதிவைத்த வளவில் கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ஆகவே அன்றைக்கு அழுகிறவள் மாப்பிள்ளையின் உம்மா. 'வளவுக்காரி' அந்த அழுகையில்தான் தொடங்குகிறது. கடைசியில், வீட்டை விற்றுத் தா என்று நச்சரிக்கும் புருஷனின் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "கதவு என்ட. நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள் கதாநாயகி. அந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் நளீருக்கு மயிர் கூச்செறியும். அவரும் பெட்டியோடு பொஞ்சாதி வீட்டுக்கு வந்தவர்தானே.

அல்லாஹ் கண் திறந்தான் என்றுதான் முதலில் நினைத்தார். கொழும்பிலிருந்து ஒரு கம்பனி நாடகம் எடுக்கக் கதை தேடியது. நளீர் புத்தகத்தை அனுப்பினார், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இடம் பிடிப்பது, ஆட்களைச் சேர்ப்பது, கமெராவுக்கு உதவி எல்லாம் நளீர். எழுத்தோட்டத்தில் பெயரும் போடுவார்களாம். அதுவரை அவருடைய பெயர் கலியாண வீடியோவின் கடைசியில், தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்தில் மட்டுந்தான் வந்திருந்தது.

இயக்குநர் பிரசாந் இளம்பிள்ளை, மரியாதையானவன். ஸ்டூடியோவுக்கு வந்து, இஞ்சிப் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, எழுதிய வசனப் பிரதியை நீட்டினான்.

"சின்னதா ஒரு மாற்றம் அண்ணே."

முதல் பக்கத்திலேயே பெண் அழுதுகொண்டு காரில் ஏறினாள்.

"தம்பி, இவ எங்க போறா?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு."

"எங்கட பக்கம் பொண்ணு போறல்லயே. மாப்பிள்ளதான் வாற."

"அது உங்களுக்குத் தெரியும். பார்க்கிறவங்களுக்கு விளங்காது. கல்யாணமென்றால் பொண்ணு அழுதுகிட்டுப் போகணும், அதுதான் பழக்கம்."

நளீர் கடைசிப் பக்கத்துக்குத் தாவினார். கதவு இப்போது புருஷனுடையது. கதாநாயகி மழையில் நனைந்தபடி பெட்டியோடு படியிறங்கினாள்.

"என்ன தம்பி இது?"

"அதே பெட்டி, அதே கதவு அண்ணே. ஆள் மட்டுந்தான் மாறுது."

நளீர் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிரசாந் ஆறுதலாகக் கேட்டான்: "நீங்களும் மனைவி வீட்டிலயா இருக்கிறீங்க?"

"ஓம். எல்லாரும் அப்பிடித்தான்."

"ஓ... வீட்டோட மாப்பிள்ளை." பையன் சிரிப்பை விழுங்கப் பார்த்தான். முழுவதும் உள்ளே போகவில்லை.

அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று நளீருக்கு அன்று இரண்டாம் பிளேன்ரீ ஆறும் வரைக்கும் விளங்கவில்லை. வீட்டோடு இல்லாத மாப்பிள்ளை பிறகு எங்கே இருப்பான், கடலிலா?

பிரதியைச் சுருட்டிக்கொண்டு டீச்சரிடம் ஓடினார். எழுதினவள் ஒரு சொல் சொன்னால் போதும், பையன் வழிக்கு வருவான் என்று நம்பினார். டீச்சர் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தி, எல்லாப் பக்கத்தையும் வாசித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நல்லாத்தான் நனையிறா. நான் சம்மதம் எண்டு போன்லயே செல்லிட்டன்."

"டீச்சர்! உங்கட கதையில்லயா?"

"அலுமாரிக்குள்ள கிடந்து கறையான் திங்கிற கதை, நளீர். படத்தப் பாத்திட்டுப் பத்துப்பேர் புத்தகத்தத் தேடினாப் போதும்."

"டீவி பாக்கிறவன் புத்தகம் வாசிப்பானா?"

"நீங்க வாசிச்சீங்கதானே? நீங்களும் டீவி பாக்கிற ஆள்தான்."

நளீர் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். டீச்சர் சொன்னது சரியாயிருந்ததுதான் கோபத்தை இன்னும் கூட்டியது. வீதியில் நின்று யோசித்துப் பார்த்தார். எழுதினவளுக்குக் கவலையில்லை, எடுக்கிறவனுக்குக் கவலையில்லை. தான் ஒருத்தன் மட்டும் என்னத்துக்கு நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அலைவது? ஆனாலும் வேலையை விடவில்லை. உள்ளே நின்றால் ஏதாவதைக் காப்பாற்றலாம் என்று ஒரு நப்பாசை.

படப்பிடிப்புக்குக் கல்முனைக்குடியில் ஒரு நல்ல வீடு பிடித்துக் கொடுத்தார். அயலிலுள்ள பெண்களையெல்லாம் சேர்த்தார். கதாநாயகி யசோதினி கொழும்புப் பிள்ளை, கேட்ட நேரத்தில் கேட்டளவு அழக்கூடியவள். பெண்ணின் உம்மாவாக அடுத்த வளவு சரீபா ராத்தா. முகத்தில் களை இருக்கிறதென்று பிரசாந்தே தெரிவுசெய்தான்.

"அக்ஷன்!"

யசோதினி அழுதுகொண்டு வாசலுக்கு வந்தாள். பெண்கள் கூட்டம் பழக்கத்தில் குரவை போட்டது. கலியாண வாசலில் வேறென்ன செய்வது?

"கட்! ஏன் சந்தோஷமாச் சத்தம் போடுறீங்க? மகள் போறா! அம்மா, நீங்க அழணும்."

"எங்க போறா, தம்பி?" என்றாள் சரீபா ராத்தா.

"புருஷன் வீட்டுக்கு."

"என்னத்துக்கு? இது அவட வீடில்லயா? கட்டினதே அவளுக்குத்தானே. ஊட்டில ஏதும் பிரச்சினையா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "மாப்பிள்ளைக்கு ஊடு புடிக்கல்லயாம்கா, டைல்ஸ் போடல்லயாம்" என்றாள். கூட்டம் சிரித்து உருண்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் யசோதினி மட்டும் அழுதாள். மற்ற எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பாவம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலாவது தரம் ஒருத்தி அவளுக்குத் தண்ணீரே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். வெயில் ஏறியது. கொழும்பு வேனுக்குள் யாரோ மணித்தியாலக் கணக்குக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பிரசாந் நளீரை ஓரமாக இழுத்தான். "அண்ணே, நீங்க சொன்னா அழுவாங்களாமே. ஒரு தரம் சொல்லுங்க. இன்றைக்கு இந்தக் காட்சி முடியாவிட்டா நாங்க கொழும்பில வீடு பார்த்து எடுப்போம். பிறகு நீங்க தேவைப்படாது."

நளீருக்கு வழி தெரியும். சரீபா ராத்தாவின் மகன் றிஸ்கான் போன மாதம்தான் பக்கத்து ஊர் சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போனான். அந்தக் கலியாணத்தையும் நளீர்தான் எடுத்தார். 'மகன நினைங்க ராத்தா' என்று ஒரு சொல் போதும், கண்ணீர் கொட்டும். மாப்பிள்ளையின் உம்மா அழுகிற அந்த அசல் அழுகையைப் பெண்ணின் உம்மாவின் முகத்தில் ஒட்டி, நாடு முழுக்கக் காட்டுவான் இந்தப் பையன். எழுத்தோட்டத்தில் நளீர் என்ற பெயரும் ஓடும்.

ராத்தாவுக்குக் கிட்டப் போனார். அவள் இவரையே நம்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தார். "வராது தம்பி. இந்த ஊருல இந்த இடத்துல அழுக வராது."

"நீங்க கேட்கவே இல்லையே!"

"கேட்டாலும் வராது."

பிரசாந் மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு கை தட்டி, எல்லாவற்றையும் கட்டச் சொன்னான். வேன் போய்விட்டது. நாடகம் வரும், பெண் காரில் ஏறுவாள், மழை பெய்யும். எல்லாம் நளீர் இல்லாமலே நடக்கும்.

பெண்கள் கலைந்தார்கள். சரீபா ராத்தா மட்டும் வாசற்படியில் குந்தியிருந்தாள்.

"நான் பிழ செஞ்சிட்டனா, நளீர் தம்பி?"

"நீங்க செஞ்சதுதான் சரி ராத்தா. புத்தகத்தில அழுறது பொண்ணுட உம்மா இல்ல. மாப்பிள்ளட உம்மா."

"மாப்பிள்ளட உம்மாவா?" அவள் நிமிர்ந்தாள். "அத முதல்லயே செல்லிரிக்கலாமே!"

சொல்லிவிட்டு முந்தானையைப் பிடித்தாள். "சாய்ந்தமருது தூரமா செல்லுங்க? நாளாந்தம் பகல் சோத்துக்கு வாறான். திண்டுபோட்டு, 'போயிட்டு வாறன் உம்மா' எண்டுறான். முந்தி அப்பிடிச் செல்றல்லயே அவன்..."

முகம் உடைந்து, கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. புத்தகத்தின் முதல் பக்கம் அப்படியே படியில் குந்தியிருந்தது. வெளிச்சம் கூடச் சரியாக விழுந்திருந்தது. நளீரின் கை தன்பாட்டில் சேர்ட் பைக்குள் போய் போனை எடுத்தது.

"எடுக்காதீங்க தம்பி."

"ஒரு நிமிஷம், ராத்தா."

"வேணாம். என்ட அழுக இது."

கை இறங்கியது. மனசு கேளாமல், "அப்ப அழுது முடிஞ்ச பொறகு எடுப்பமா?" என்று கேட்டார்.

"முடிஞ்ச பொறகு என்னத்த எடுக்கிற?" என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டு.