பத்திரிகை வைக்க மறந்த நாள்

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம், சித்திரை மாசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு. மூத்த மகளுக்கு வைகாசியில் கல்யாணம். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அதற்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே எனக்கு என்னமோ ஆகியிருந்தது. அடுப்படிக்குப் போய் நிற்பேன், எதற்கு வந்தேன் என்று தெரியாது. தினம் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரி பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுகொள்ளும். சரியான தூக்கம் கிடையாது. தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கும். விளக்கேற்றிப் பெருமாள் நாமங்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அறுந்துபோகும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் அம்மாவின் தங்கைக்கு ஏறக்குறைய இந்த வயதில்தான் புத்தி பேதலித்தது. பின்கட்டு அறையிலேயே வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள், கடைசிவரை. அடுத்தது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பெண்ணைப் பெற்றவளுக்குச் சித்தம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் என்ன ஆகும்? யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆண்டாள் சந்நிதியில் நின்று அழுவேன், அவ்வளவுதான்.

எங்களில் முதல் பத்திரிகை சாமிக்கு. அடுத்தது பெண்ணின் அத்தைக்கு. குங்குமம் கொடுத்து, 'வந்து நடத்திக் கொடுக்கணும்' என்று வாய்விட்டு அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் வர மாட்டார்கள், ஆயுசுக்கும் பேச்சு நின்றுவிடும். அந்த அத்தை, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, ராஜபாளையத்தில் இருந்தார்கள். மதினி என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு மில்லில் லீவு கிடைக்காததால் நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன்.

சாப்பிட்டேன். நகை, சேலை, சமையல்காரர் எல்லாம் பேசினோம். காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஷிப்டு முடிந்து வந்தவர், அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டார். பையைத் திறந்தால் பத்திரிகையும் குங்குமச் சிமிழும் அப்படியே இருக்கின்றன.

பையைச் சட்டென்று மூடினேன். "வச்சிட்டேன், சந்தோஷப்பட்டாக" என்று சொன்னேன். கட்டியவரிடம் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் மறுபடி பஸ் ஏறினேன். மதினி வாசலிலேயே நின்றார்கள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நேத்து வந்த ஆளு இன்னைக்கும் வாரா. என்னட்டி, செருப்ப விட்டுட்டுப் போனியோ?"

நான் பத்திரிகையை நீட்டினேன். வாய்விட்டு அழைக்கத்தான் போனேன், ஆனால் அழுகைதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு வருஷத்துக் கதையையும் கொட்டிவிட்டேன். என் சித்தியைப் பற்றியும் சொன்னேன். மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"நீ பத்திரிகையத்தான மறந்த? நான் மாமனார உள்ள வச்சுப் பூட்டிட்டு மேட்னி ஷோவுக்குப் போனவ. வந்து திறந்தா மனுசன் கம்ப ஓங்கிட்டு நிக்காரு. ஒன் வயசுதான் அப்ப எனக்கு."

அழுதுகொண்டே சிரித்தேன். அன்றைக்கே என்னை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, திடீரென்று கழுத்தும் முகமும் காந்துமா, தூங்குகிறீர்களா என்று அந்த டாக்டரம்மா கேட்டார். காந்தல் சித்திரை வெயிலால் என்றும், மாசம் தள்ளிப்போவது கல்யாண அலைச்சலால் என்றும் நான் நினைத்திருந்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தமும் குறைவு.

"உங்களுக்குப் பைத்தியம் இல்லம்மா. மாதவிலக்கு நிக்கிறதுக்கு முந்தி சில வருஷம் உடம்பு இப்படித் தடுமாறும். தூக்கமும் போச்சுன்னா ஞாபகமும் சேர்ந்து தடுமாறும். பெரும்பாலும் மெல்லச் சரியாயிரும்" என்றார்.

சித்திக்கும் இதுதானா என்று கேட்டேன். பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். யாருமே சித்தியை டாக்டரிடம் காட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து பொய்யையும் உண்மையையும் சேர்த்தே சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "மில்லுல மிஷினயே நிப்பாட்டி நிப்பாட்டி எண்ணெய் விடுதோம். நீ ஒரு நாளாவது நின்னியா? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார். அன்றிலிருந்து விடிகாலை தண்ணீர் பிடிப்பது அவர் வேலையாகிவிட்டது. நான் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினேன். செய்ய வேண்டியதை மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். சத்து மாத்திரையும் சாப்பிட்டேன்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றேன். வருகிறவர்களின் பெயர் வராமல் திணறிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மதினி எனக்கு முன்னாலேயே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்கள். ஆள் படியேறும்போதே, "வாங்க புதுப்பட்டி மாமா, வாங்க கிருஷ்ணன்கோவில் சித்தி" என்று உரக்க வரவேற்பார்கள். நான் அதையே திருப்பிச் சொல்வேன். முகூர்த்தம் முடிகிற வரைக்கும் அவர்கள் உட்காரவேயில்லை. ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

அந்த மூட்டம் ஒரே நாளில் விலகிவிடவில்லை. இரண்டு மூன்று வருஷம் ஆனது. ஒரு மார்கழிக் காலையில் விளக்கின் முன் நின்று நாமம் முழுவதையும் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

இப்போது எங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, 'அக்கா, எனக்கு என்னமோ ஆகுது' என்று இழுத்தால் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்; பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் கிடைப்பதும் ஆண்டாள் தாயார் கொடுக்கிற பிரசாதம்தான் என்று நம்புகிறேன்.